ஒரு சுற்றுக்கு ஒரு தடவை

பூங்கா வாசலைத் தாண்டியதும் என் மகள் கையை உருவிக்கொண்டு ஓடிவிடுவாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. எந்த வேர் தடுக்கும், எந்தக் கல் ஆடும் என்பதெல்லாம் அவள் கால்களுக்கே தெரியும். நான் நடைபாதையில் இடப்பக்கம் திரும்பி நடக்க ஆரம்பிப்பேன். பூங்காவை ஒருமுறை சுற்றிவர எனக்குப் பதினோரு நிமிடம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை விளையாட்டுத் திடலைக் கடப்பேன். அப்போது அவளைப் பார்த்துக்கொள்வேன். மீதிப் பத்து நிமிடம் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அப்படித் தெரியாமல் நடக்க எனக்கு ஏழு வருடம் பிடித்தது. அதற்குக் காரணம் ஒரு சறுக்குமரம்.

அவள் பிறப்பதற்கு முன்பும் இதே பூங்காவில்தான் நடந்துகொண்டிருந்தேன். கைக்கடிகாரத்தில் பத்தாயிரம் காலடி என்று வைத்துக்கொண்டு அது நிறையும்வரை சுற்றுவேன். ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு முழுவதும் எதையோ பாக்கி வைத்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்தது. 1965இல் அங்கே ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் மான்போ-கெய். பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். விற்பதற்காக வைத்த அந்தப் பெயர்தான் இன்று எல்லோர் மணிக்கட்டிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 72 வயதான சுமார் 16,700 பெண்களின் நடையை அளந்து பார்த்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் போனபோது கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. எல்லா வயதுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்த அன்று கடிகாரத்திலிருந்த இலக்கை எடுத்துவிட்டேன்.

உண்மையில் அதற்கு முன்பே மகள் எடுத்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். நடக்கப் பழகிய குழந்தையோடு பூங்காவுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். அது நடையே இல்லை. நிற்பது, குனிவது, திரும்பிப் போவது, மறுபடி நிற்பது. ஒரு எறும்பு வரிசைக்குக் கால் மணி நேரம். காய்ந்து விழுந்த ஒரு நெற்று, அதைக் குலுக்கினால் சத்தம் வருகிறது என்று தெரிந்துவிட்டால் அரை மணி நேரம். ஐந்நூறு மீட்டர் போக ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகும். முதல் சில வாரங்கள் எனக்குப் பொறுமை இல்லை. "வா வா" என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. பல வருடம் சுற்றிச் சுற்றி வந்த அந்தப் பூங்காவில் எத்தனை விதப் பட்டைகள் கொண்ட மரங்கள் இருக்கின்றன என்று அப்போதுதான் பார்த்தேன்.

சரி, சறுக்குமரத்துக்கு வருகிறேன்.

அவளுக்கு இரண்டு வயது ஆக இரண்டு மாதம் இருந்தது. மற்ற குழந்தைகள் சறுக்கி வருவதைப் பார்த்து அவளும் கைநீட்டிக் கேட்டாள். தனியாக விட மனசு வரவில்லை. அதனால் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, மடியில் உட்கார வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு இறங்கினேன். அம்மா மடியைவிடப் பத்திரமான இடம் வேறு என்ன இருக்கிறது? பாதி தூரத்தில் அவள் செருப்பின் ரப்பர் அடி சறுக்குமரத்தின் பக்கச் சுவரில் பிடித்துக்கொண்டது. அவள் கால் அங்கேயே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கீழே போய்க்கொண்டிருந்தோம். அவள் வீறிட்டு அழுதாள். கீழே வந்து நிற்க வைத்தால் அந்தக் காலை ஊன்ற மறுத்தாள். வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுக்கிக்கொண்டு விரிசல் விட்டிருந்தது. மூன்று வாரம் மாவுக்கட்டு.

மருத்துவர் திட்டவில்லை. இது அடிக்கடி வரும் முறிவுதான் என்றார். அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது இன்னும் நிறைய பேருக்குத் தெரியவில்லை. குழந்தை தனியாகச் சறுக்கும்போது கால் எங்காவது பிடித்துக்கொண்டால், அதன் சின்ன எடை அங்கேயே நின்றுவிடும். அல்லது உடம்பு திரும்பிக்கொள்ளும். பெரியவர் மடியில் இருக்கும்போது அப்படி நிற்க முடியாது. நம்முடைய முழு எடையும் வேகமும் குழந்தையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பிடித்துக்கொண்ட கால் முறுக்கப்படுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடுவதால் நாம் நிறுத்தவும் முடியாது. இறுக்கி அணைத்துக்கொண்டிருப்பது உதவாது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. அந்த வயதில்தானே நாம் மடியில் வைத்துக்கொள்கிறோம். சறுக்கியே ஆக வேண்டும் என்றால் தாழ்வான சறுக்குமரத்தில் குழந்தையைத் தனியாக உட்கார வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டே கூட நடந்துவர வேண்டும்.

அவளைக் காப்பாற்ற நான் செய்த காரியம்தான் அவள் காலை முறித்தது. இதை எழுதும்போது இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

மாவுக்கட்டோடு வீட்டில் அடைந்து கிடக்க அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அந்த மூன்று வாரமும் தினமும் பூங்காவுக்குப் போய்த் திடலைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ வருடம் நடந்த இடத்தில் முதல்முறையாக ஓரிடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அந்த மூன்று வாரத்தில் பூங்காவைப் பற்றித் தெரிந்துகொண்ட அளவுக்கு அதற்கு முன்பும் பின்பும் தெரிந்துகொண்டதில்லை.

சறுக்குமரத்தை நாம் மேலிருந்து கீழே வரத்தான் செய்திருக்கிறோம். பிள்ளைகளில் பாதிப் பேர் கீழிருந்து மேலே ஏறுகிறார்கள். மேலிருந்து ஒருவன் வருவதற்கும் கீழிருந்து ஒருத்தி ஏறுவதற்கும் நடுவே ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். பெரும்பாலும் ஒரு பார்வை, ஒரு கை அசைவு, அவ்வளவுதான். பெரியவர் யாராவது எழுந்து வந்து "வரிசையா வாங்க" என்று அதட்டும்போதுதான் சண்டை வரும். ஊஞ்சல் விஷயம் வேறு. ஊஞ்சலுக்காகக் காத்திருக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்தால் காலம் என்றால் என்ன என்று தெரிந்துவிடும்.

அங்கே ஒரு பையன் வருவான். நாலு வயது இருக்கும். வளைந்த இரும்பு ஏணி ஒன்று இருந்தது. முதல் நாள் மூன்றாவது படிவரை ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, இறங்கிவிட்டான். மறுநாளும் மூன்றாவது படி. அதற்கு மறுநாள் நாலாவதில் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்தான். அவனுடைய பாட்டி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் எழுந்துபோய் உதவியதில்லை. நான்தான் தாங்காமல் கேட்டேன், "பயமா இல்லையாம்மா உங்களுக்கு?"

"அவன் காலுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் ஏறுவான், கண்ணு. நாம தூக்கி உச்சியில வச்சாத்தான் விழுவான்" என்றார். என் மகளின் மாவுக்கட்டை ஒரு பார்வை பார்த்தார். அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் அந்தப் பையன் உச்சிக்கு ஏறிவிட்டான். யாரும் கைதட்டவில்லை. அவன் யாரையும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் மகள் மட்டும் பெஞ்சில் இருந்தபடி "ஆ" என்றாள்.

கட்டைப் பிரித்த பிறகு அவள் உடனே ஓட ஆரம்பித்துவிட்டாள். நான்தான் தேறவில்லை. அடுத்த இரண்டு மூன்று வருடம் அவள் எங்கே ஏறினாலும் என் கை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. "பாத்து, பாத்து" என்ற சொல் என் வாயில் நிற்கவே இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதே கிடையாது. இப்போது யோசித்தால், உயரத்தில் நிற்கும் குழந்தையின் கவனத்தைக் காலடியிலிருந்து நம் முகத்துக்கு இழுப்பதைத் தவிர அந்தச் சொல் வேறு எதையும் செய்வதில்லை என்றே தோன்றுகிறது. "அடுத்த காலை எங்கே வைக்கப் போற?" என்று கேட்கலாம். "அந்தக் கட்டை ஈரமா இருக்கு" என்று சொல்லலாம். இவை பிள்ளைக்கு உதவும்.

பயம் அதிகமானபோது படிக்க ஆரம்பித்தேன். 1943இல், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் டென்மார்க் இருந்த காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். அங்கே ஊஞ்சலோ சறுக்குமரமோ முக்கியமில்லை. பழைய மரப்பலகை, செங்கல், கயிறு, சக்கரம், மண்வெட்டி இவைதான். சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர், தான் திட்டமிட்டுக் கட்டிய விளையாட்டிடங்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் குப்பைமேடுகளிலும் பிள்ளைகள் ஆசையாக விளையாடுவதைக் கவனித்திருந்தார். அதிலிருந்து பிறந்த யோசனை அது. 1946இல் அதைப் பார்த்துவிட்டு வந்த லேடி ஆலன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, போரில் குண்டு விழுந்து பாழாகிக் கிடந்த லண்டன் மனைகளில் அப்படிப்பட்ட இடங்கள் உருவாகப் பாடுபட்டார். குண்டு விழுந்த நகரத்துப் பெற்றோர் தங்கள் பிள்ளைகள் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள் என்பதை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

எலன் சாண்ட்செட்டர் என்ற நார்வே ஆய்வாளர், பிள்ளைகள் தேடிப்போகும் ஆபத்து கலந்த விளையாட்டை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நெருப்பு அல்லது ஆழமான தண்ணீர் போன்றவற்றின் அருகில் இருப்பது, மல்லுக்கட்டுவது, பெரியவர் கண்ணிலிருந்து மறைந்து தொலைந்துபோவது. பட்டியலைப் படித்ததும் என் சிறுவயதைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆறும் இருந்தது. என் மகளுக்கு நான் அனுமதித்திருந்தது ஒன்றுகூட இல்லை. ஆறாவதுதான் எனக்கு மிகவும் கடினம். உயரத்தையாவது கீழே நின்று பார்க்கலாம். மறைந்துபோவதை எப்படிப் பார்ப்பது?

கையை எடுத்துக்கொள்வது என்றால் கவனத்தையும் எடுத்துக்கொள்வது என்று நான் நினைக்கவில்லை. கவனம் வைக்க வேண்டிய இடம் வேறு. திடலுக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது தரையை. மணலோ மரச்சீவலோ போட்ட இடங்களில், சறுக்குமரம் முடியும் இடத்திலும் ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் பிள்ளைகளின் கால் பட்டுப் பட்டுக் குழியாகி, அடியிலுள்ள கெட்டித்தரை வெளியே தெரியும். விழுவதே அங்கேதான் அதிகம். சுற்றிலும் குவிந்திருப்பதைக் காலால் இழுத்துக் குழியை மூட இரண்டு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் வெயில். உலோகச் சறுக்குமரம் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக்கும் ரப்பர் தரையும்கூடத் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடாகும். புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். கழுத்தைச் சுற்றிய துணி, தொப்பிச் சட்டையின் நாடா இவற்றைக் கழற்றிவிடுகிறேன். சைக்கிளில் வந்த பிள்ளையின் ஹெல்மெட்டையும் திடலில் கழற்றத்தான் வேண்டும். கம்பிகளுக்கு நடுவே உடம்பு நுழைந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகிவிடும். இவ்வளவையும் முடித்துவிட்டால் அப்புறம் நான் தள்ளிப்போய் உட்காரலாம்.

ஊஞ்சல்தான் எங்கள் இருவருக்கும் பெரிய பாடம். அவளுக்கு ஐந்து வயது ஆகும்வரை நான் பின்னால் நின்று தள்ளினேன். ஊஞ்சலைத் தள்ளுவதற்குப் பலம் தேவையில்லை, நேரம்தான் முக்கியம். பின்னால் வந்து, ஒரு கணம் நின்று, திரும்பும் அந்த இடத்தில் விரலால் தொட்டாலே போதும். முன்கூட்டித் தள்ளினால் ஆட்டம் குலைந்துவிடும். கனமான பிள்ளையோ ஒல்லியான பிள்ளையோ, ஊஞ்சல் போய்வர எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பது சங்கிலியின் நீளம். இதைப் பள்ளியில் ஊசல் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பக்கத்துப் பக்கத்து ஊஞ்சலில் ஒரு பெரிய பையனும் என் மகளும் ஒரே தாளத்தில் ஆடியதைப் பார்த்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

தானாக உந்தி ஆட அவளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "முன்னாடி போகும்போது காலை நீட்டு, பின்னாடி சாய். வரும்போது காலை மடக்கு." கேட்டுக்கொள்வாள், தப்பான நேரத்தில் நீட்டுவாள், ஊஞ்சல் நின்றுவிடும். பல மாதம் அப்படியே போனது. ஒருநாள் அலுத்துப்போய் நான் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தலைமுடி பின்னால் பறக்க, கால்கள் மரக்கிளையைத் தொடுவதுபோல் நீள, தானாக ஆடிக்கொண்டிருந்தாள். அது எப்படி வந்தது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. நான் அங்கே இல்லாத ஐந்து நிமிடத்தில் வந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் மறுபடி நடக்க ஆரம்பித்தேன். முதலில் திடலைச் சுற்றி மட்டும். பிறகு குளத்தின் முனைவரை. பிறகு முழுச் சுற்று. நடைபாதை வளைந்து போகும் இடங்களில், புல்லை மிதித்து மிதித்து ஜனங்கள் நேராக ஓர் ஒற்றையடிப் பாதை போட்டிருப்பதைப் பார்க்கலாம். எந்தப் பூங்காவிலும் இருக்கும். நான் நடைபாதையிலேயே போகிறேன். அவள் என்னைத் தேடி வரும்போது ஒற்றையடிப் பாதையில் குறுக்கே வருகிறாள்.

பூங்காவுக்குள் நுழையும்போது எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். முன்பெல்லாம் இப்படி இல்லை. பிரிட்டனின் டார்பி நகரத்தில் 1840இல் பொதுமக்களுக்காகத் திறந்த பூங்காவில்கூட ஆரம்பத்தில் வாரத்தில் இரண்டு நாள்தான் இலவசம். அதே நாட்டில் 1847இல் திறந்த பர்க்கன்ஹெட் பூங்கா, பொதுப்பணத்தில் எல்லோருக்காகவும் கட்டப்பட்டது. 1850இல் அதைப் பார்க்க வந்த ஓர் அமெரிக்கர், ஏழைகளும் பணக்காரர்களும் ஒரே புல்வெளியில் நிற்பதைக் கண்டு வியந்துபோனார். அவர் பெயர் பிரடெரிக் லா ஓம்ஸ்டெட். எட்டு வருடம் கழித்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வடிவமைப்புப் போட்டியில் கால்வர்ட் வாக்ஸ் என்ற கட்டடக் கலைஞருடன் சேர்ந்து அவர்தான் வென்றார். எல்லோருக்கும் என்று கட்டிவிட்டு, 'புல்லில் நடக்காதே', 'பந்து விளையாடாதே', 'மரம் ஏறாதே' என்று வாசலிலேயே பலகை மாட்டும் பூங்காக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. புல் மறுபடி முளைத்துவிடும்.

இப்போது எனக்கு வேறொரு கவலை. 1990களின் நடுவில் வியன்னா நகரில், பூங்காக்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஒன்பது வயதுக்குப் பிறகு பெண் பிள்ளைகள் பூங்காவிலிருந்து மெல்லக் காணாமல் போகிறார்கள். பையன்கள் அந்த அளவுக்குக் குறைவதில்லை. திறந்த பெரிய மைதானம் ஒன்றே ஒன்று இருந்தால் அதைப் பையன்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பெண்கள் போட்டி போடாமல் விலகிவிடுகிறார்கள். அந்த நகரம் 1999இல் இரண்டு பூங்காக்களைத் திருத்தி அமைத்தது. பெரிய இடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். வழிகளைக் கூட்டினார்கள். வெளிச்சத்தைச் சரிசெய்தார்கள். கூட்டமாக உட்கார இடம் செய்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

எங்கள் பூங்காவிலும் சுற்றி வரும்போது எண்ணிப் பார்க்கிறேன். ஐந்து வயதில் சரிபாதி. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பையன்கள் பதினைந்து பேர் பந்து விளையாடினால், பெண்கள் இரண்டு மூன்று பேர் ஓரத்தில் நிற்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் ஊஞ்சல் அவர்களுக்குச் சிறிது. பந்து மைதானம் அவர்களுக்குக் கிடையாது. கூடி உட்கார்ந்து பேசினால் "விளையாடாம என்ன பேச்சு" என்று யாராவது கேட்கிறார்கள். பேசுவதற்கு ஓர் இடம் தேவைப்படும் வயது அது. மகளின் கையை விட நான் பழகிக்கொண்டுவிட்டேன். விட்ட பிறகு அவள் நிற்க இங்கே ஓர் இடம் இருக்க வேண்டும்.

நேற்று மூன்றாவது சுற்றில் திடலைக் கடந்தபோது அவளைக் காணவில்லை. ஊஞ்சலில் இல்லை, கயிற்று வலையில் இல்லை. நடையை நிறுத்தாமல் இருக்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இருந்தும் நிறுத்தவில்லை. வேலியோரம் வளைந்து போகும் இடத்தில், தாழ்ந்த கிளைகள் உள்ள ஒரு பெரிய மரத்தின் முதல் கிளையில், அவளும் இன்னும் இரண்டு பெண்களும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ரகசியம் நடந்துகொண்டிருந்தது. நான் நெருங்கியதும் மூவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"அம்மா, இன்னும் ரெண்டு சுற்று போயிட்டு வாயேன்" என்றாள்.

சரி என்று நடந்தேன். முதுகுக்குப் பின்னால் மறுபடி பேச்சு தொடங்கியது.